இசைத்தட்டும் எண்ணிமப் பதிவும்: மலையகம் நோக்கி ஒரு மதிப்பீடு

இசைத்தட்டின் ஒலி உயர்ந்ததா, எண்ணிமப் பதிவின் ஒலி உயர்ந்ததா என்னும் வாதம் 1982இல் இறுவட்டு விற்பனைக்கு வந்த காலந்தொட்டு ஓயவில்லை. அளவைகொண்டு நோக்கின் விடை எளிது. இறுவட்டு ஒலியலையை விநாடிக்கு 44,100 முறை அளந்து குறிக்கின்றது. மனிதச் செவி கேட்கவல்ல அதிர்வுகள் அதனுள் அடங்கும். மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடைப்பட்ட வீச்சிலும் அது தட்டை விஞ்சும். தட்டின் ஒலியிலே 'வெம்மை' காண்போர் பெரும்பாலும் ஊசியின் உராய்வையும் சிறு திரிபையுமே விரும்புகின்றனர். அவ்விருப்பம் குற்றமன்று; ஆயின் அதனை நுட்பத்தின் மேன்மையென நிறுவ முயல்வது பொருந்தாது.

நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டங்களில் வைத்து நோக்கும்பொழுது வினாவே வேறாகிவிடுகின்றது. லயத்து மக்களுட் பெரும்பாலோர் தட்டை வாங்கிக் கேட்டவரல்லர். கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் ஒலிபெருக்கி வழியாகவும், இலங்கை வானொலி வழியாகவுமே கேட்டனர். தெரிவு செய்தவர் வேறொருவர். சொந்தமாகத் தட்டு வைத்திருந்தாலும் மலைநாட்டின் ஈரம் உறைக்குள் பூஞ்சணத்தை வளர்க்கும்.

இதனினும் முக்கியமானது காலவரையறை. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய தட்டு ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட ஒலியையே தாங்கிற்று. 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் இன்று எஞ்சியிருப்பது அத்தட்டுகளின் துணையாலே. ஆயினும் மேடையில் அவர் விரித்துப் பாடிய பாட்டு அதனுள் அடங்கவில்லை. மாசியிற் காமன் ஊன்றித் தொடங்கி, நாட்கணக்கில் நடந்து, மதன் எரிப்பில் உச்சம் பெறும் காமன் கூத்தை எத்தட்டில் அடக்குவது? மூன்று நிமிடமென்பது அங்கே தப்பு காய்ச்சும் நேரத்துக்கும் போதாது. 1983இல் வெளிவந்த சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' செய்த தொண்டு பெரிது. எனினும் அச்சு சொல்லைக் காக்குமேயன்றிக் குரலைக் காக்காது.

இவ்விடத்திலேயே எண்ணிமப் பதிவு தன் தகுதியைக் காட்டுகின்றது. அதற்குக் கால எல்லையில்லை, செலவும் சிறிது. கம்பனியார் அனுமதிக்குக் காத்திராமல், ஒப்பாரி பாடும் மூதாட்டியின் குரலை அவர் பேரப்பிள்ளையே பதிந்துவிடலாம்.

ஆனால் இன்று கைபேசியில் நிகழும் பதிவுகளை அவ்வாறே போற்றுவதற்கில்லை. கோப்பின் பருமனைக் குறைப்பதற்காகச் செவிக்குப் புலனாகாதெனக் கருதப்படும் ஒலிகள் நீக்கப்படுகின்றன. அளவு மீறிச் சுருக்கினால் முதலிற் கெடுவது தப்பின் அடியே. அதன் கூர்மை மழுங்கிப் பரவிவிடும். தப்புக்கு அருகே வைத்த கைபேசியோ பேரொலிக்கு அஞ்சித் தன் வாங்குதிறனைத் தானே தாழ்த்திக்கொள்ள, பாடுபவர் குரல் அடிகளுக்கிடையே அமிழ்ந்துபோகின்றது. இக்குறைகள் எண்ணிம முறைக்கே உரியனவல்ல, பயன்படுத்துவோரின் கவனமின்மையால் நேர்வன.

ஒன்றில் மட்டும் பழைய தட்டு இன்னும் முந்தியே நிற்கின்றது. அதன் நடுவே ஒட்டிய வட்டத்தாளில் பாடகர் பெயரும் கம்பனியும் தொடரெண்ணும் இருந்தன. கைபேசிக் கோப்பிலோ இலக்கங்களே உள்ளன. பாடியவர் யார், எத்தோட்டம், எந்தப் பிரிவு, எவ்வாண்டு என்பதற்குச் சான்றில்லை. பதிவின் தொடக்கத்திலே பாடுபவரே தம் பெயரையும் தோட்டத்தையும் நாளையும் சொல்லிவிட்டால் இக்குறை தீரும். அதற்கு அரை நிமிடம் போதும்.