வீரகேசரிப் பிரசுரங்கள்: ஒரு நோக்கு

1930 இல் கொழும்பில் தோன்றிய வீரகேசரி நாளிதழின் நிறுவனம், எழுபதுகளின் முற்பகுதியில் நாவல் வெளியீட்டிலும் இறங்கியது. தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு அன்றைய அரசு விதித்த கட்டுப்பாடே இதற்குக் களம் அமைத்தது. 1935 இல் ஆறு பென்ஸ் விலையில் மலிவுப் பதிப்புகளைத் தொடங்கிய இங்கிலாந்தின் பென்குயின் நிறுவனம், முன்னரே வெளிவந்த நூல்களையே மறுபதிப்புச் செய்தது. வீரகேசரியோ புதிய படைப்புகளைத் துணிந்து அச்சேற்றியது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) வன்னியையும், செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ (1973) நெடுந்தீவையும், தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974) மலையகத்தையும் கொட்டாஞ்சேனை, கிருலப்பனை வாசகனின் கைக்குக் கொண்டுவந்தன. யாழ்ப்பாணமே ஈழமெனக் கருதியோர்க்கு இதனினும் தக்க விடை வேறில்லை.

நாளிதழின் விநியோக வலையே இப்பிரசுரங்களின் பலம், பலவீனமும் அதுவே. செய்தித்தாளைப் போல நூலும் சுடச்சுட விற்றுத் தீரவேண்டிய பண்டமாயிற்று. பல்லாண்டு கழித்துத் தேடுபவனுக்கும் பிரதி கிடைக்கச் செய்வதன்றோ பதிப்பாளனின் பணி? பென்குயின் அதனைச் செய்தது. 1977 இன் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டதும் இம்முயற்சி தளர்ந்தது. தமிழகச் சஞ்சிகைகளின் மீது பழிபோடுதல் இலகு. ஆயின், வேலிக்குள் வளர்ந்த வாசகனை வேலி அகன்ற பின்னும் தக்கவைத்துக்கொள்வதற்கான ஆயத்தம், கிடைத்த அவகாசத்தில் செய்யப்படவில்லை.