புல்டாக் வளர்ப்புக் கையேடுகள்: யார் கெடுத்ததை யார் துடைப்பது?

இங்கிலீஷ் புல்டாக் வளர்ப்பது எப்படின்னு தேடிப் பாருங்கள். வருகிற கையேடுகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. முகத்துச் சுருக்கங்களைத் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். வாலைச் சுற்றியிருக்கும் மடிப்பையும் மறக்காதீர்கள். வெயிலில் நடத்தாதீர்கள். ஆழமில்லாத தட்டில் சாப்பாடு போடுங்கள், அவசரமாக விழுங்க விடாதீர்கள். எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் பட்டை வேண்டாம், ஹார்னஸ் மாட்டுங்கள். நீச்சல் குளம் பக்கம் தனியாக விடாதீர்கள், மூழ்கிவிடும்.

இதில் ஒன்றுகூடத் தப்பில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு புல்டாக் இருந்தால் இதையெல்லாம் செய்துதான் ஆக வேண்டும். என் வழக்கு வேறு. இந்தக் கையேடுகளைத் தனியாக வாசித்தால் பாதிக் கதைதான் தெரியும். பக்கத்தில் இன்னொரு ஆவணத்தையும் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். 'பிரீட் ஸ்டாண்டர்டு' என்பார்கள். நாய்க் கண்காட்சியில் நடுவர் எதை மனதில் வைத்து நாயை எடைபோடுகிறாரோ, அந்த உருவ வரையறை.

அமெரிக்கன் கென்னல் கிளப்பின் வரையறையை எடுத்துக்கொள்வோம். தலை மிகப் பெரிதாக இருக்க வேண்டும்; காதுக்கு முன்னால் சுற்றளவு எடுத்தால் நாயின் தோள் உயரத்துக்குக் குறையக் கூடாது. முகம் மிக மிகக் குட்டையாக இருக்க வேண்டும். மூக்கு நுனி கண்களுக்கு நடுவே நன்றாக உள்வாங்கியிருக்க வேண்டும். தலையிலும் முகத்திலும் கனமான சுருக்கங்கள் வேண்டும். கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நீள வேண்டும்.

இப்போது கையேட்டைப் பாருங்கள். அங்கே 'சுருக்கம் வேண்டும்', இங்கே 'சுருக்கத்தைத் துடை'. அங்கே தாடை நீள வேண்டும், இங்கே ஆழமில்லாத தட்டு. அங்கே முகம் குட்டை, இங்கே வெயில் ஆகாது. ஒரு வரிக்கு ஒரு வேலை. சில கிளப்புகள் வரையறையையும் பராமரிப்புக் குறிப்பையும் தாங்களே வெளியிடுகின்றன. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று நம் ஊரில் இதைத்தான் சொல்வார்கள்.

கையேட்டின் மொழியையும் கவனியுங்கள். "இந்த இனம் தோல் நோய்க்கு ஆளாகக்கூடியது", "சுவாசப் பிரச்சினைக்கு வாய்ப்புண்டு". ஏதோ மழை வரலாம், குடை எடுத்துக்கொள் என்கிற தொனி. ஆளாக்கியது யார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. எவ்வளவு வாய்ப்பு என்பதும் இல்லை. லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ் 2022இல் வெளியிட்ட ஆய்வில் அந்த அளவு இருக்கிறது. பிரிட்டனில் மற்ற நாய்களோடு ஒப்பிட்டால், ஓராண்டில் ஏதாவது ஒரு நோயாவது வரும் வாய்ப்பு புல்டாக்குக்கு இரண்டு மடங்கு. தோல் மடிப்பில் வரும் புண்ணுக்கு 38 மடங்கு. கண்ணோரச் சுரப்பி பிதுங்கிச் சிவப்பாகத் தெரியும் 'செர்ரி ஐ'க்கு சுமார் 27 மடங்கு. குட்டை முகத்தால் வரும் மூச்சடைப்புக்கு 19 மடங்கு. 'ஆளாகக்கூடியது' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனையும் அடங்கிப்போகிறது.

மூச்சு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், சாப்பாடு உட்பட மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குட்டை முகத்தையே தேர்ந்தெடுத்ததில் எலும்பு சுருங்கியது. உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குச் சுருங்கவில்லை. அண்ணத்தின் பின்பக்கத்து மென்சதை நீண்டு தொண்டைக்குள் தொங்குகிறது. மூக்குத் துவாரமோ கீறல்போல. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது; மூக்கு, வாய், நாக்கு வழியாக ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பு ஆறும். ஆக, புல்டாக்கிடம் மாட்டிக்கொண்டது மூச்சுக்குழாய் மட்டுமில்லை, குளிர்விக்கும் இயந்திரமே. சாப்பிடும்போது மூச்சுக்கும் விழுங்குவதற்கும் போட்டி. காற்றையும் சேர்த்து விழுங்குகிறது, சில சமயம் எதுக்களித்துவிடுகிறது. எடை கூடினால் கழுத்துக் கொழுப்பு அந்தப் பாதையை இன்னும் நெருக்கும். அளவுச் சாப்பாடு இந்த நாய்க்கு அழகுக்காக இல்லை, மூச்சுக்காக.

இதைக் கையேடுகள் எப்படி எழுதுகின்றன? நகைச்சுவையாக. 'புல்டாக் குறட்டை விடும், காற்றும் விடும், சிரித்துப் பழகுங்கள்.' எனக்கு உண்மையில் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அதே காலேஜ் 2012இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், குட்டை முக மூச்சடைப்பு இருந்த 31 நாய்களின் சொந்தக்காரர்களைக் கேட்டார்கள். 18 பேர், அதாவது 58 சதவீதம், தங்கள் நாய்க்கு மூச்சுப் பிரச்சினை இல்லை என்றார்கள். நாய் திணறுவதை அவர்கள் பார்க்காமல் இல்லை. அறிகுறிகளை அவர்களே விவரித்திருக்கிறார்கள். 'இந்த இனம் இப்படித்தான்' என்று நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். பாசத்தில் குறையில்லாதவர்கள்கூட டாக்டரிடம் போகாமல் இருப்பதற்கு அந்த நகைச்சுவைக்கும் பங்கு உண்டு.

ஒரு நல்ல கையேடு இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்: விழித்திருக்கும்போதே மூச்சில் சத்தம் வந்தால் காட்டுங்கள். படுத்தால் தூங்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினால் காட்டுங்கள். துவாரத்தை அகலப்படுத்தவும் தொங்கும் சதையை வெட்டிச் சுருக்கவும் அறுவை சிகிச்சை உண்டு. இளம் வயதில் செய்தால் நல்லது. ஈறு நீலம் பாய்ந்தால் காத்திருக்காதீர்கள். வெயிலில் சுருண்டு விழுந்தால் உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே தூக்கி ஓடுங்கள்.

'அந்த உருவம் காளையோடு மோதுவதற்காக வந்தது. கவ்வியபடியே மூச்சு விடத்தான் மூக்கு பின்வாங்கியது, ரத்தம் வழிந்தோடத்தான் சுருக்கம்' என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். நல்ல கதை. ஆனால் இங்கிலாந்தில் அந்த விளையாட்டை 1835இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அதற்கு முன், 1817இல், ஆபிரகாம் கூப்பர் வரைந்த கிரிப், ரோசா என்ற இரு புல்டாக்குகளின் படம் இருக்கிறது. உயரமான கால், நீண்ட மூஞ்சி, ஒட்டிய உடம்பு. பின்னாளில் ரோசாவையே லட்சிய உருவம் என்று கொண்டாடியவர்கள் அவளிடம் ஒரு குறையும் கண்டார்கள்: சுருக்கம் போதாதாம்! காளை இருந்த காலத்தில் இல்லாத சுருக்கம், காளை போன பிறகு எதற்குத் தேவைப்பட்டதோ.

பிரிட்டிஷ் கென்னல் கிளப் வரையறையைத் திருத்தியதே என்று கேட்கலாம். திருத்தியது. 2008 ஆகஸ்டில் பிபிசியில் ஜெமைமா ஹாரிசனின் 'பெடிகிரீ டாக்ஸ் எக்ஸ்போஸ்டு' வந்து பெரிய கலவரமான பிறகு, 2009இல். மூச்சுத் திணறும் நாய் விரும்பத்தக்கதல்ல என்பது இப்போது எழுத்திலேயே இருக்கிறது, அதை மதிக்கிறேன். மற்றபடி வாசித்துப் பார்த்தால், மாறியது பெரும்பாலும் அடைமொழிதான். முகம் 'ஒப்பீட்டளவில்' குட்டை, தலை 'ஓரளவு' பெரிது. எதோடு ஒப்பிட்டு என்று கேட்டால் பதில் இல்லை. பழைய புல்டாக்கோடு ஒப்பிட்டால் எந்தப் புதிய புல்டாக்கும் தேறிவிடும். தலையையும் இடுப்பையும் பார்த்தால் இன்னொன்றும் புரியும்: பிரிட்டனில் புல்டாக் பிரசவங்களில் 86 சதவீதம் சிசேரியன் என்று 2010இல் ஒரு ஆய்வு வந்தது.

அளந்து பார்க்கிற வழி ஒன்று இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கென்னல் கிளப்பும் 2019இல் தொடங்கிய திட்டம். நாயை மூன்று நிமிடம் வேகநடை நடக்கவிட்டு, முன்னும் பின்னும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் போடுகிறார்கள். குட்டி வாங்கப் போகிறவருக்கு இது சுருக்கம் துடைப்பதைவிட முக்கியமான தகவல். அதனால் அடுத்த முறை ஒரு கையேட்டைத் திறந்தால், துடைப்பது பற்றிய பகுதியைத் தாண்டிப் போய் இது இருக்கிறதா என்று தேடுங்கள்: அப்பா, அம்மா இரண்டுக்கும் மூச்சுத் தரம் எவ்வளவு, அம்மாவுக்கு எத்தனை சிசேரியன், அதை மூன்று நிமிடம் நடக்கவிட்டுக் காட்ட முடியுமா.