கஞ்சிராவும் பாஸ் கிதாரும்

மேல்நாட்டு ஜாஸ் கோஷ்டியில் பாஸ் வாசிக்கிறவர் பாவப்பட்ட ஜீவன். அவர் வாசிக்கிறவரை யாரும் கவனிப்பதில்லை. நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தோன்றும். எங்கள் புதுச்சேரிக் கடற்கரையில் போலீஸ் பாண்டு வாசிக்கும்போதும் இதே கதைதான். கிளாரினெட்டில் லயித்துவிடுகிற ஜனங்கள், அந்தப் பெரிய பித்தளைக் குழாயைக் குழந்தைகள் வேடிக்கை பார்க்க விட்டுவிடுகிறார்கள்.

ஸ்வீடன் தேசத்து ஜோனாஸ் ஹெல்போர்க் அப்படி ஒதுங்கி நிற்கிற ஆசாமி அல்ல. 1980களில் ஜான் மக்லாஃப்லினுடன் பாஸ் கிதார் வாசித்தவர். நமக்கு அவர் முக்கியமாவது, கடம் விக்கு விநாயக்ராமின் பிள்ளைகளோடு சேர்ந்து செய்த இசைத்தட்டுகளால். 2000இல் ‘குட் பீப்பிள் இன் டைம்ஸ் ஆஃப் ஈவில்’. அதில் கஞ்சிரா செல்வகணேஷ், கிதார் அமெரிக்கரான ஷான் லேன். 2003இல் ‘ஐகான்’, அதில் உமாசங்கரின் கடமும் உமாமகேஷின் பாட்டும் சேர்ந்துகொண்டன.

இந்தக் கூட்டில் பாஸுக்கு என்ன வேலை என்று கேட்பது நியாயமே. 1970களில் மக்லாஃப்லின் நடத்திய ‘சக்தி’ கோஷ்டியில் பாஸே கிடையாது. கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் விநாயக்ராம் எழுப்பிய நாதமே அங்கே அஸ்திவாரம். கஞ்சிராவும் லேசுப்பட்டதல்ல. தோலில் சிறிது தண்ணீர் தெளித்து இடது கை விரலால் அழுத்தினால், உள்ளங்கையகல வாத்தியம் அடிவயிற்றிலிருந்து முனகும். அதே முனகல்தான் பாஸ் தந்தியிலும். ஒரே அறையில் இரண்டு குடித்தனம்!

முதல் தட்டில் சில இடங்களில் அந்த நெரிசல் தெரிகிறது. கஞ்சிராவின் சொற்கட்டை ஹெல்போர்க் அடிக்கு அடி துரத்தும்போது இரண்டுமே கலங்கிவிடுகின்றன. ஒரே ஸ்வரத்தைத் தம்புராபோல் நீட்டிப் பிடித்துக்கொண்டு அவர் காத்திருக்கிறாரே, அங்கேதான் செல்வகணேஷின் விரல்கள் துலங்குகின்றன. ‘ஐகானில்’ பாட்டு வந்துவிட்டதால் சுருதி பிடிக்கிற அவசியமும் வந்தது. பாஸுக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. அதுவே மேலான தட்டு என்பேன். லேன் 2003இலேயே காலமாகிவிட்டார். அசாத்திய வேகம் அவருக்கு. ஆனால் நம்மூர் பிருகா மன்னர்களைப் போல, நின்று அனுபவிக்க வேண்டிய இடத்திலும் ஓடுகிறார்.

ஒரு விஷயத்தில் ஹெல்போர்க்குக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். மான்பூண்டியா பிள்ளை கச்சேரிக்குக் கொண்டுவந்து, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை சிம்மாசனத்தில் ஏற்றிய கஞ்சிரா, நம் சபாக்களில் இன்னும் உபபக்கவாத்தியம்தான். மிருதங்கக்காரர் மனம் வைத்துத் தனி ஆவர்த்தனத்தில் பங்கு கொடுத்தால் உண்டு. இந்தத் தட்டுகளில் மிருதங்கம் இல்லை. கஞ்சிராவும் பாஸும் நேருக்கு நேர் உட்காருகின்றன. இரண்டும் ஊரில் பின்வரிசைக்காரர்கள்! ரஸிகர்கள் இதையெல்லாம் ‘ஃப்யூஷன்’ என்று ஒரு மூலையில் போட்டுவிடுவது எனக்கு வருத்தமே.

2007இல் வந்த ‘ஆர்ட் மெட்டல்’ தட்டில் டிரம் செட்டும் உரத்த கிதாரும் புகுந்துவிட்டன. கஞ்சிரா கேட்கிறது, ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது.