தெளிவும் அழகும்

பழைய கேமரா லென்ஸ்களுக்கே உயிர் உண்டு. புதியவை தருவது வறண்ட துல்லியமே என்னும் கருத்து ஒளிப்படக் கலைஞர் பலரிடம் வேரூன்றியுள்ளது. இதில் உண்மை எது, மயக்கம் எது என்று பிரித்தறிதல் தகும்.

1840இல் வியன்னாவில் பெட்ஸ்வால் என்னும் கணித அறிஞர் வகுத்த உருவப்பட லென்ஸை எடுத்துக்கொள்வோம். நான்கு கண்ணாடிகளால் ஆன அது, நடுவில் கூர்மையான உருவத்தைத் தரும். ஓரங்களிலோ உருவம் குழைந்து சுழலும். அதன் குவியப்பரப்பு வளைந்திருப்பது இதற்கு முதன்மைக் காரணம். பூச்சற்ற கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பிவிடுவதால், சிதறிய ஒளி நிழலின் கருமையைத் தணிக்கும். 1935இல் ஜெய்ஸ் நிறுவனத்தின் ஸ்மகுலா கண்ட மேற்பூச்சும், பின்வந்த கணினிக் கணக்கீடும் இக்குறைகளைப் பெரிதும் களைந்தன. இன்றைய சிறந்த லென்ஸ் மூலைவரை ஒரே தெளிவைத் தருகிறது.

ஜூலியா மார்கரெட் கேமரன் 1864இல் எடுத்த ‘அன்னி’ என்னும் சிறுமியின் படம் பெட்ஸ்வால் வகை லென்ஸால் ஆனது. அவருடைய படங்கள் தெளிவற்றவை என அக்காலத் திறனாய்வாளர்கள் இகழ்ந்தனர். இன்று அம்மென்மையே போற்றப்படுகிறது.

இவ்வழக்கில் தீர்ப்பளிக்க ஏற்ற அளவுகோல், பதினோராம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் ஹைதமின் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் உள்ளது. தொலைவு, உருவத்தின் நுண்ணிய மாசுகளை மறைப்பதால் அழகு தரும் என்கிறார் அவர். ஆனால் அருகாமையும், நுண்ணிய அழகுகளை வெளிப்படுத்துவதால் அழகு தரும் என்றும் சேர்த்தே சொல்கிறார். எனவே, மங்கலும் தெளிவும் தம்மளவில் அழகல்ல; எது மறைகிறது, எது வெளிப்படுகிறது என்பதே வினா.

இவ்வாறு நோக்கின், அல்ஹம்ரா மாளிகையின் சுதை வேலைப்பாட்டைப் பெட்ஸ்வாலால் எடுப்பது அதன் அழகைச் சிதைப்பதாகும். உழைத்துக் களைத்த முதியவரின் முகத்தை அதே லென்ஸால் மெருகூட்டி, அவர் பட்ட பாட்டின் தழும்புகளை அழிப்பதோ அழகின் பெயரால் செய்யும் பொய்யாகும். 2013இல் பெட்ஸ்வால் லென்ஸை லோமோகிராஃபி நிறுவனம் புதுப்பித்து வெளியிட்டது. எப்பொருளுக்கும் அதே சுழலைப் பூட்டுவோர் கேமரனின் வழிவந்தோர் ஆகார். அவர் தேர்ந்தெடுத்தார், இவர்களோ வாய்பாட்டை ஒப்பிக்கின்றனர்.

பழைய லென்ஸ் எதைக் காட்டுவது என்னும் முடிவில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொண்டது. புதிய லென்ஸ் அப்பொறுப்பு முழுவதையும் கலைஞனிடம் ஒப்படைத்துவிட்டது. அதனை வறட்சி என்பதைவிட, ஓர் அமானிதம் என்பதே பொருந்தும்.