வடிகாலை மறந்த தூர்வாரல்

காவிரி டெல்டாவில் தூர்வாரும் பணி எப்படி நடந்தது என்று பார்க்க நாம் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா? நியாயமான கேள்விதான். ஆனால் டெல்டா விவசாயி தண்ணீர் வராமலும் பயிரைப் பறிகொடுக்கிறார், வந்த தண்ணீர் வடியாமலும் பறிகொடுக்கிறார். இந்த இரண்டாவது இழப்புக்குத் தூர்வாரும் திட்டத்தில் உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

2022-ஐ எடுத்துக்கொள்வோம். 80 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 4,960 கிலோமீட்டர் தூர்வாரத் திட்டமிட்டார்கள். மேட்டூர் அணை மே 24-ஆம் தேதியே திறக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் மே மாதத்தில் அணை திறந்தது அதுவே முதல்முறை. முன்கூட்டி நட்ட குறுவை, ஐப்பசி மழை வலுக்கும் முன் களத்துக்கு வந்துவிடும் என்பதால் இது பெரிய நன்மை. ஆறுகளையும் பெரிய வாய்க்கால்களையும் நீர்வளத் துறையும், சி, டி பிரிவு எனப்படும் சிறு வாய்க்கால்களை வேளாண் பொறியியல் துறையும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் பயனுள்ளதே. இதையெல்லாம் பாராட்டத்தான் வேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையை உடனே வடிக்க எந்த வாய்க்காலாலும் முடியாது. அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். மழை விட்ட பிறகு வயலில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான் வடிகாலின் கையில் இருக்கிறது. நட்டுச் சில வாரமே ஆன சம்பாப் பயிர் முழுக மூழ்கினால் சில நாள்தான் தாங்கும், பிறகு அழுகிவிடும். வெள்ளத்தைத் தாங்குவதற்கென்றே உருவாக்கிய சிஆர் 1009 சப்-1 ரகத்துக்கும் இரண்டு வாரம்தான் கெடு. இரண்டு நாள் முன்னதாக நீர் வடிந்தால் ஒரு குடும்பத்தின் அந்த ஆண்டுப் பாடு பிழைத்துவிடும்.

சிக்கலின் வேர் வேலையின் வரிசையில் இருக்கிறது. பாசனத்துக்காகத் தூர்வாருகிறவர் தலைப்பிலிருந்து கீழே வரலாம். வடிகாலுக்கு அந்த வரிசை பொருந்தாது; முகத்துவாரத்தில் தொடங்கி மேலே ஏற வேண்டும். வெண்ணாற்றுப் பகுதியில் பல ஆறுகள் மேலூருக்கு வடிகாலாகவும் கீழூருக்குப் பாசனமாகவும் இருக்கின்றன. கடலோர நிலமோ கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது. கடல் ஏறும் நேரத்தில் ஆற்றுநீர் வெளியேற வழியில்லாமல் எதிர்த்து நிற்கும். முகத்துவாரத்தில் மணல்மேடும் ஆகாயத்தாமரையும் அடைத்திருக்க, நடுவில் மட்டும் ஆழப்படுத்தினால் மேலூர் வெள்ளம் விரைவாகக் கீழூர் வயலுக்குள் இறங்கும். அணை திறப்புக்குச் சில வாரம் முன்பு அவசரமாகத் தொடங்கும் வேலை, இயல்பாகவே பாசனத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

வேலையின் தரத்தையும் சொல்லியாக வேண்டும். பொக்லைன் அள்ளிய சேற்றைக் கரையின் உள்சரிவிலேயே கொட்டிவிட்டுப் போனால் முதல் பெருமழையிலேயே அது வாய்க்காலுக்குத் திரும்பிவிடும். ஆற்றின் அடிமட்டத்தை மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிவிட்டாலோ, ஆற்றில் தண்ணீர் ஓடும், கிளை வாய்க்காலுக்கு ஏறாது. எத்தனை கிலோமீட்டர் தூர்வாரினோம் என்ற கணக்கில் இந்தப் பிழைகள் எதுவும் தெரியாது. கிலோமீட்டரை அளக்கும் நாம் மட்டத்தை அளப்பதில்லை என்பதே இம்முறையின் பெருங்குறை என்பேன்.

வேறு வழி இல்லாமலில்லை. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியுடன் 2016-இல் ஒப்புதல் பெற்ற வெண்ணாறு உபவடிநிலத் திட்டம், அடப்பாறு, ஹரிச்சந்திரா நதி, வெள்ளையாறு போன்றவற்றில் பாசனத்தையும் வெள்ள வடிகாலையும் ஒன்றாகவே பார்த்தது. ஆண்டுதோறும் நடக்கும் தூர்வாரலுக்கும் அந்தப் பார்வை வேண்டும்.

வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் அணை மூடப்படுகிறது. ஜூன் 12 வரை நான்கரை மாதம் இருக்கிறது. தாளடி அறுவடை முடிந்ததும் முகத்துவாரங்களிலும் வடிகால்களிலும் வேலையைத் தொடங்குங்கள். தூர்வாருமுன் இருந்த மட்டத்தையும் பின் வந்த மட்டத்தையும் ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்டுங்கள். புரட்டாசியில் ஆகாயத்தாமரை அகற்ற ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்த தூர்வாரல் அறிவிப்பில் வடிகாலுக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை ரூபாய் என்பதைத் தனி வரியாகக் காட்டும்படி விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் கேளுங்கள்.