1,040 லோடு: தடத் தேவைச் சுருக்கம் பற்றி ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் ஆண்டு ஒப்பந்த ஏலத்துக்கு அழைக்கப்படும் லாரி நிறுவனத்தின் கையில் முதலில் வந்து சேர்வது ஓர் அட்டவணை. புறப்படும் இடம், சேரும் இடம், வண்டி வகை, ஆண்டுக்கு எத்தனை லோடு. ஒவ்வொரு வரியும் ஒரு தடம். தொழிலில் 'லேன்' என்பார்கள். சரக்கு அனுப்புவோர் தம் கொள்முதல் மென்பொருளில் கடந்த கால அனுப்புகைகளைத் தொகுத்து ஆக்கும் இந்த அட்டவணைதான் தடத் தேவைச் சுருக்கம். ஏலத்தின் கணிதத்தைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறோம். அதற்கு முந்தைய இந்தச் சுருக்கத்தையோ ஆயத்த வேலை என்று ஒதுக்கிவிட்டோம். இது பிழை என்பது என் கருத்து. ஏலம் நுட்பமாக ஆக ஆக, சுருக்கத்தில் உள்ள பிழையும் அதே நுட்பத்தோடு விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

எந்த அளவுகோலால் இதை அளப்பது? 1980-இன் மோட்டார் கேரியர் சட்டம் லாரி வாடகையைச் சந்தையின் கையில் விட்டது. 1990-களில் சியர்ஸ் நிறுவனத்தின் தளவாடப் பிரிவு, பல தடங்களைச் சேர்த்து ஒரே விலை கேட்க இடம்தரும் ஏலத்தை நடத்திக் காட்டியது. 1996-இல் எம்.ஐ.டி.யில் கிறிஸ் கேப்லிஸ் தந்த ஆய்வேடு அந்த முறைக்கு உறுதியான கோட்பாட்டு அடித்தளம் இட்டது. இவை அனைத்தின் சாரம் ஒன்றே: ஒரு தடத்தின் செலவு அந்தத் தடத்துக்குள் முடிவதில்லை. ரிட்டர்ன் லோடு கிடைத்தால் ஒரு விலை, வண்டி காலியாகத் திரும்பினால் வேறு விலை. ஆகவே லாரி நிறுவனம் அட்டவணையை வரி வரியாகப் படிப்பதில்லை. தன் வண்டிகளை அதன்மேல் ஓடவிட்டுப் பார்க்கிறது. அப்படிப் பார்க்க எவ்வளவு இடம் தருகிறது என்பதே ஒரு சுருக்கத்தின் தரம்.

முதலில் நிறை. மென்பொருள் வழியே ஆக்கிய சுருக்கத்துக்கு எழுதப்பட்ட விதி உண்டு. எந்தக் காலப்பகுதி, எந்த வண்டி வகை, எந்த நிலவியல் மட்டம், எவற்றை விலக்குவது என்பதெல்லாம் பதிவில் இருக்கும். கையால் ஒட்டிச் சேர்த்த எக்செல் தாளில் ஆள் மாறினால் எண்ணும் மாறும். மென்பொருள் சுருக்கத்திலோ இன்னொருவர் அதே விதியை ஓட்டி அதே விடையைப் பெறலாம், விதியையே கேள்வி கேட்கலாம். சரிபார்க்க முடிவது சிறிய சாதனை அல்ல. இருந்தாலும் சரிபார்க்க முடிவது வேறு, சரியாக இருப்பது வேறு. மூன்று கேள்விகள் எஞ்சுகின்றன: எதை எண்ணினோம், எந்த அளவில் பிரித்தோம், காலத்தை எப்படிக் காட்டினோம்.

எதை எண்ணினோம் என்பதில்தான் முதல் வழுக்கல். சிகாகோவில் கிளம்பும் ஒரு லாரி ஐ-65 நெடுஞ்சாலையில் இறங்கி, இண்டியானாபொலிஸிலும் லூயிவில்லிலும் சரக்கை இறக்கிவிட்டு நாஷ்வில்லில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுத்தத்தையும் கடைசி நிறுத்தத்தையும் மட்டும் பார்த்துத் தொகுத்தால் அது சிகாகோ–நாஷ்வில் தடத்தில் ஒரு லோடு. நடுவில் இருந்த இரண்டு ஊர்களின் தேவை அட்டவணையில் இல்லை. அந்த மூன்று சரக்குகளையும் ஒரே வண்டியில் ஏற்றச் சொன்னது பழைய வாடகை நிலவரம். அப்படியானால் நாம் தேவை என்று அச்சிடுவது, நேற்றைய ஒப்பந்தம் நேற்றைய தேவையை வளைத்துவைத்த வடிவம். அனுப்புகைக்குப் பதில் ஆர்டர்களை எண்ணினால் இந்தக் குறை தீரும். ஆனால் எத்தனை வண்டி ஓடும் என்ற செய்தி கைநழுவும். முன்னது ஓட்டத்தைக் காட்டித் தேவையை மறைக்கிறது. பின்னது தேவையைக் காட்டி ஓட்டத்தை மறைக்கிறது. பல நிறுத்தங்கள் அரிதாக உள்ள இடத்தில் அனுப்புகையே போதும். அவை மிகுந்த இடத்தில் ஆர்டரிலிருந்து தொடங்கி, வண்டியாக மாற்றும் விதியை வெளிப்படையாக எழுதிவைப்பதே நேர்மையான முறை.

இரண்டாவது, நிலவியல் மட்டம். அமெரிக்காவின் நிலத்தொடர் மாநிலங்கள் 48. மாநில இணைகளாகப் பிரித்தால் அதிகபட்சம் 2,304 தடங்கள். அட்டவணை கைக்கு அடக்கமானது, பொருள்தான் அடங்குவதில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ, அதே மாநிலத்து ஹூஸ்டனைவிடக் கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்குப் பக்கம். 'டெக்சாஸிலிருந்து' என்று எழுதிய வரிக்கு விலை சொல்பவர் எந்த ஊரை மனதில் வைப்பார்? மோசமான ஊரைத்தான் வைப்பார். விலையும் அதற்கேற்பவே வரும். மறுபக்கம், ஐந்திலக்க அஞ்சல் குறியீடு வரை இறங்கினால் துல்லியம் கூடும். ஆனால் ஆண்டுக்கு இரண்டு லோடு, மூன்று லோடு என்ற வரிகள் பெருகும். அவற்றில் பலவற்றுக்கு மறு ஆண்டு ஒரு லோடும் வராது. இவற்றுக்குத் தொழிலில் 'கோஸ்ட் லேன்' என்ற பெயரே இருக்கிறது. லோடு அடர்ந்த இடத்தில் கிடங்கின் முகவரி வரை, நடுத்தரமான இடத்தில் மூன்றிலக்கக் குறியீடு வரை, எஞ்சியதற்கு மட்டும் மாநிலம் என்று மட்டங்களைக் கலப்பதே முறை. அதற்கும் ஒரு விலை உண்டு. எந்த மட்டத்துக்கு முன்னுரிமை என்று விதிக்காவிட்டால் ஒரே லோடு இரண்டு வரிகளில் எண்ணப்படும். எல்லா வரிகளின் கூட்டுத்தொகையும் மூலத் தரவின் மொத்தத்தோடு பொருந்த வேண்டும். இந்த எளிய சோதனையில் தேறாத சுருக்கத்தை ஏலத்துக்கு அனுப்பவே கூடாது.

மூன்றாவது காலம். இங்கேதான் இந்த வடிவத்தின் மிகப்பெரிய குறை இருக்கிறது. இரண்டு தடங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஆண்டுக்கு 1,040 லோடு. முதல் தடத்தில் வாரம் 20 வீதம் 52 வாரமும் சீராக ஓடுகிறது. இரண்டாவதில் பண்டிகைக்கு முந்தைய 13 வாரங்களில் வாரம் 40, மீதி 39 வாரங்களில் வாரத்துக்குப் பதின்மூன்றோ பதினான்கோ. போய்வர ஒரு வாரம் ஆகும் என்றால் முதலாவதுக்கு 20 வண்டி ஆண்டு முழுவதும் போதும். இரண்டாவதுக்கு உச்சத்தில் 40 வண்டி வேண்டும். மற்ற மாதங்களில் அவற்றில் 26 அல்லது 27 வண்டிக்கு இங்கே வேலை இல்லை. அட்டவணையில் இரண்டு வரிகளுக்கும் வேறுபாடு இல்லை. இந்த மௌனம் ஒரு தகவல் பிழைக்குச் சமம்.

விளைவு ஏல அறையில் தெரியாது. ஒப்பந்தம் ஓடும்போது தெரியும். அமெரிக்க லாரி ஒப்பந்தங்களில் பொதுவாக வாடகைதான் உறுதி. எத்தனை லோடு தருவோம் என்று அனுப்புவோரும், எல்லா லோடையும் ஏற்போம் என்று லாரி நிறுவனமும் கட்டுப்படுவதில்லை. இரண்டாவது தடத்துக்கும் சராசரியைப் பார்த்து 20 வண்டியே ஒதுக்கியிருந்தால், உச்ச வாரத்தில் இருபத்தோராவது லோடு மறுக்கப்படும். அது அடுத்த நிறுவனத்துக்கும் அதற்கடுத்ததற்கும் போய், கடைசியில் ஒப்பந்தத்துக்கு வெளியே அப்போதைக்கப்போது பேசப்படும் ஸ்பாட் மார்க்கெட் விலையில் நிற்கும். ஏலத்தில் மிச்சப்பட்டதாகக் கணக்கெழுதிய தொகை இங்கே திரும்பிப் போகிறது. வண்டிக்குத் திண்டாடிய 2021-ஆம் ஆண்டுச் சந்தையில் இதை எல்லாருமே பார்த்தோம். பொது முடக்கம் நிலவிய 2020 வசந்த காலத்தை வழக்கமான பருவம்போல் சராசரியில் சேர்த்த சுருக்கங்கள், பிழையின்மேல் பிழையை அடுக்கின.

இதற்கு 52 வாரப் பத்திகளையும் அச்சிடுவது மருந்தாகுமா? ஆகாது. கடந்த ஆண்டின் வாரங்களை வரும் ஆண்டின் வாக்குறுதிபோல் காட்டுவது வேறொரு பொய்த் துல்லியம். ஒவ்வொரு தடத்துக்கும் நான்கு எண் போதும்: ஆண்டு மொத்தம், இடைநிலை வாரத்தின் அளவு, உச்ச வாரத்தின் அளவு, லோடே இல்லாத வாரங்கள் எத்தனை. முதல் தடத்துக்கு 1,040, 20, 20, 0 என்று வரும். இரண்டாவதுக்கு 1,040, 13.5, 40, 0. விலை சொல்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆகவே என் தீர்ப்பு இது. தடத் தேவைச் சுருக்கம் முறைமையில் உயர்ந்தது, ஒத்திசைவில் கவனத்தைக் கேட்பது, ஒற்றை எண்ணாக வழங்கப்படும்வரை சாதனையில் குறைபட்டது. இதைக் கைவிடச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை. எண்ணிய விதி எழுதப்பட்டிருக்க வேண்டும். வரிகளின் கூட்டு மூலத்தோடு பொருந்த வேண்டும். உச்ச வாரம் ஆண்டு மொத்தத்தின் பக்கத்திலேயே அச்சாக வேண்டும். இம்மூன்றில் முதலிரண்டை இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் எளிதாக்கித் தந்துவிட்டன. மூன்றாவதைச் செய்ய வேண்டியவர்கள், சுருக்கத்தை அமைக்கும்போது எந்தப் பத்திகள் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பவர்கள். கட்டுப்படுத்தும் உறுதிமொழி இல்லாத ஓர் ஒப்பந்தத்தில், அவர்கள் அச்சிடத் துணியும் உச்ச வார எண்தான் லாரிக்காரர் நம்பி வண்டி ஒதுக்கக்கூடிய ஒரே வார்த்தை.