மை தீட்டிய சுருள்

எம் 51 விண்மீன் மண்டலத்தின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுமார் 3 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு கைகளை வீசிச் சுழலும் அந்தப் பேரழகை எல்லோரும் ஒளிக்காகக் கொண்டாடுகிறார்கள். இந்த ஒருமுறை ஒளியை விட்டுவிட்டு, கைகளின் உள்ளோரத்தை மட்டும் பாருங்கள். இமையோரத்தில் இழுத்த மை போல மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று, வளைவு பிசகாமல் கூடவே வருகிறது.

அந்த மை வெறும் தூசி. புகைத்துகள் போல நுண்ணிய கரியும் கல்துகளும். சுழன்று வரும் வாயு கைக்குள் நுழையும்போது நெருக்குண்டு திரள்கிறது. கூடவே தூசியும் திரண்டு, பின்னால் இருக்கும் ஒளியை மறைக்கிறது. அங்கிருந்து கண்ணை மெல்ல வெளிப்பக்கம் நகர்த்துங்கள். ஹைட்ரஜன் மேகங்கள் ரோஜா நிற மணிகளாகக் கோத்துக் கிடக்கின்றன. அதையும் தாண்டினால் இளம் விண்மீன்களின் நீலம். கறுப்பில் கருக்கொண்டது ரோஜாவில் பிறந்து நீலத்தில் வளர்கிறது. ஒரே கையின் அகலத்துக்குள் இத்தனையும்!

1845-இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு தம் 72 அங்குல உலோக ஆடித் தொலைநோக்கியால் எம் 51-ஐப் பார்த்தார். படம் பிடிக்க வழியில்லை. கண்ணால் பார்த்ததைக் கையால் வரைந்தார். வானில் சுருள் வடிவம் உண்டென்பது அப்போதுதான் தெரிந்தது. கைநுனியில் ஒட்டினாற்போல் நிற்கும் சின்னத் துணை மண்டலத்தைக்கூட அவர் விடவில்லை.

எம் 104 என்ற இன்னொரு மண்டலத்தை நாம் ஏறக்குறைய விளிம்புப் பக்கமாகப் பார்க்கிறோம். அதனால் அங்கே அதே மை ஒரே தீற்றலாகத் தெரிகிறது. வெண்ணெய் உருண்டை போன்ற ஒளிக்குக் குறுக்கே, கை நடுங்காமல் இழுத்த கோடு.

நீள்வட்ட மண்டலங்களில் இந்த மை மிகக் குறைவு. வாயு தீர்ந்து, புதுப் பிறப்புகள் அநேகமாக ஓய்ந்த முதியவை அவை. முன்பெல்லாம் எனக்கு அவை சலிப்பூட்டும். எம் 87-தான் மனத்தை மாற்றியது. முதிய விண்மீன்களின் பழம்பொன் ஒளி நடுவிலிருந்து விளிம்புக்கு எங்கே தேய்கிறதென்றே தெரியாமல் தேய்கிறது. நடுவே 650 கோடிச் சூரியன்களின் எடையுள்ள கருந்துளை. 2019-இல் அதன் நிழலைப் படமாகப் பார்த்தோமே, அதுதான். அதன் அருகிலிருந்து ஏறத்தாழ 5,000 ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு நீலத் தாரை பீறிடுகிறது. பொன்மேனியில் அந்த ஒற்றை நீலக்கீற்று!

ஒழுங்கற்றவை எனப் பெயர் வாங்கிய மண்டலங்களுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் அநியாயம். பெரிய மெகல்லன் மேகத்தின் டாரன்டுலா நெபுலாவில் அலையலையாக அவிழ்ந்து கிடக்கும் வாயு இழைகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஆவணி மாதத்து அமாவாசை இரவில், ஊர் வெளிச்சம் எட்டாத இடத்தில் அண்ணாந்து பாருங்கள். பால்வழி உச்சியிலிருந்து தெற்கே இறங்கும்போது நடுவில் கிழிந்தாற்போல் இரண்டாகப் பிரிந்து ஓடும். அந்தப் பிளவில் விண்மீன் இல்லாமல் இல்லை. முன்னால் தூசி நிற்கிறது. நம் வீட்டு மை அது.